இலை ஓரத்தில் ஒரு சிவப்புத் தொடுகறி

நம் சங்கத்துப் பெரியவர்களில் சிலர் ஆண்டுதோறும் தீபாவளி முடிந்த கையோடு பெட்டி கட்டுகிறார்கள். பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில். பேரன் பேத்தியைப் பார்த்து நாளாகிவிட்டது. இப்போது கிளம்பினால் பனி கொட்டுவதற்குள் சற்று ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று ஒரு கணக்கு. அப்படிப் போகிறவர்கள் அங்கே முதலில் எதிர்கொள்ளும் பண்டிகை நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும் 'தேங்க்ஸ்கிவிங்'. நன்றி சொல்லும் நாள்.

அன்றைக்கு நம்மவர்களுக்கு ஒரு தர்மசங்கடம். மேஜை நடுவே முழு வான்கோழி வறுபட்டு உட்கார்ந்திருக்கும். மகனின் அலுவலக நண்பர்கள் வந்திருப்பார்கள், அல்லது மருமகளின் தோழி வீட்டுக்கு எல்லோரும் அழைக்கப்பட்டிருப்பார்கள். "நீங்கள் சாப்பிடுங்கள், எனக்குத் தயிர்சாதம் போதும்" என்று பெரியவர்கள் உள்ளே ஒதுங்கிவிடுவார்கள். நம் பண்டிகை இல்லையே என்ற எண்ணம். ஆனால் அங்கே பிறந்த பேத்திக்கு அது அவள் பண்டிகை. பள்ளிக்கூடத்தில் காகித வான்கோழி வெட்டி ஒட்டிக்கொண்டு வந்து, பாட்டியும் தாத்தாவும் தன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று காத்திருப்பாள்.

அந்த மேஜையில் நாம் தயக்கமில்லாமல் தொடக்கூடிய பண்டம் ஒன்று இருக்கிறது. சொல்லப் போனால், நம் நாக்கு அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய பண்டமும் அது ஒன்றுதான். மாணிக்கச் சிவப்பாக, புளிப்பும் இனிப்புமாக ஒரு கிண்ணத்தில் இருக்கும். கிரான்பெர்ரி ரெலிஷ் என்பார்கள். நம் தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் வெகு காலமாகவே இருக்கிறது: தொடுகறி. தொட்டுக்கொள்ள இருப்பது. இலையில் அது பிடிக்கும் இடம் ஓர் ஓரம்தான். ஆனால் அது இல்லாத விருந்தை நினைத்துப் பாருங்கள்.

பழமும் பெயரும்

கிரான்பெர்ரி வட அமெரிக்காவுக்கே சொந்தமான பழம். தரையோடு படரும் சிறு கொடியில் காய்க்கும். சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியது. பச்சையாகக் கடித்தால் புளிப்பு, துவர்ப்பு, கொஞ்சம் கசப்பு மூன்றும் ஒன்றாக வந்து முகத்தைச் சுளிக்க வைக்கும். இனிப்பு என்பது பெயருக்குத்தான். நூறு கிராம் பழத்தில் சர்க்கரை நான்கு கிராம் அளவே. ஆகவே மாம்பழம், கொய்யாப்பழம் போல அப்படியே தின்கிற பழமாக இதை நினைக்கக் கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் வரிசையில் வைக்க வேண்டியது.

இதன் பூ தலை குனிந்து, கொக்கின் கழுத்தையும் அலகையும் போலத் தோன்றுவதால் ஐரோப்பியக் குடியேறிகள் இதற்குக் கொக்குப் பழம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். அவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே மாசசூசெட்ஸ் கடற்கரையில் வாழ்ந்த வாம்பனோவாக் மக்கள் இதை 'சஸமனேஷ்' என்று அழைத்தார்கள். அந்த மண்ணின் ஆதிகுடிகள் இறைச்சியை உலர்த்தி இடித்து, கொழுப்போடு பழங்களையும் சேர்த்துப் பிசைந்து, நெடும்பயணத்துக்குக் கட்டுச்சோறாக எடுத்துப் போனார்கள். அந்தப் பழங்களில் கிரான்பெர்ரியும் ஒன்று. மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவில் அக்வின்னா ஊர் வாம்பனோவாக்குகள் இன்றும் அக்டோபர் மாதத்தில் 'கிரான்பெர்ரி நாள்' கொண்டாடுகிறார்கள். குடும்பம் குடும்பமாகப் போய்க் காட்டுப் பழத்தைப் பறித்து வந்து சேர்ந்து சாப்பிடும் நாள் அது. தேங்க்ஸ்கிவிங் மேஜையில் எவருடைய பண்டம் எது என்று கணக்குப் பார்த்தால், இந்தப் பழம் அந்த ஆதிகுடிகளுடையது என்பதை மறக்கக் கூடாது.

மணலும் தண்ணீரும்

தொலைக்காட்சியில் சிவப்புப் பழங்கள் ஏரி போல் மிதக்க, இடுப்பளவு நீரில் ஆட்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து இது நீரில் விளையும் பயிர் என்று பலரும் நினைக்கிறார்கள். விளைவது சதுப்பு நிலத்தில், மணல் பரப்பிய பாத்தியில். அறுவடையின்போது அதில் தண்ணீர் விடுகிறார்கள்.

பழத்தின் உள்ளே நான்கு காற்றறைகள் உண்டு. பாத்தியில் நீரைத் தேக்கி, இயந்திரத்தால் கலக்கிவிட்டால் பழம் கொடியிலிருந்து கழன்று மேலே மிதக்கும். அதை ஒரு பக்கமாக ஒதுக்கி வாரிக்கொள்கிறார்கள். இப்படி நனைந்த பழம் சாற்றுக்கும் டப்பாவுக்கும் உலர்பழத்துக்கும் போகிறது. கடையில் பையில் விற்கும் பச்சைப் பழம் பெரும்பாலும் நீர் விடாமல், காய்ந்த நிலத்தில் சீப்பு போன்ற பற்களுள்ள இயந்திரத்தால் பறித்தது.

மணல் பரப்பும் வித்தையைக் கண்டவர் ஹென்றி ஹால் என்ற முன்னாள் போர்வீரர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டென்னிஸ் என்ற ஊரில் கடற்காற்று மணலை வாரிக் கொடி மேல் போட்ட இடங்களில் காய்ப்பு அதிகமாக இருப்பதைக் கவனித்தார். 1816-இல் அவர் தொடங்கிய பயிர்தான் இன்றைய கிரான்பெர்ரி வேளாண்மைக்கு வித்து. இப்போது அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வருகிறது. மாசசூசெட்ஸ் இரண்டாவது. நியூ ஜெர்சி, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும் உண்டு. நம் பிள்ளைகள் ஏராளமாகக் குடியிருக்கும் நியூ ஜெர்சியிலேயே இது விளைகிறது என்பது போகிறவர்களுக்கு ஒரு செய்தி. செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடுவு வரை அறுவடை. முடிந்தால் ஒரு நாள் காரில் அழைத்துப் போகச் சொல்லுங்கள். சிவப்புக் கம்பளம் விரித்தது போல இருக்கும்.

நல்ல பழத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரு பழத்தைத் தரையில் போட்டால் பந்து போல் எழும்ப வேண்டும். 1880 வாக்கில் நியூ ஜெர்சியில் ஜான் வெப் என்ற, மரக்கால் பொருத்திய விவசாயி, பழக்கூடையைச் சுமந்துகொண்டு படி இறங்க முடியாமல் மேலிருந்தே கொட்டிவிடுவாராம். நல்ல பழங்கள் துள்ளிக்கொண்டு கீழே வந்து சேர, அழுகல் மேல்படியிலேயே தங்கிவிட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் பழத்தைத் துள்ளவிட்டுத் தரம் பிரிக்கும் இயந்திரம். வீட்டில் பேரனிடம் ஐந்தாறு பழம் கொடுத்து இந்தச் சோதனையை நடத்தச் சொல்லுங்கள். சமையலறைப் பக்கம் வராத பிள்ளையும் வந்துவிடும்.

பந்திக்கு வந்த கதை

தேங்க்ஸ்கிவிங்கின் மூலமாகச் சொல்லப்படும் 1621-ஆம் ஆண்டு பிளிமத் விருந்தில் கிரான்பெர்ரித் தொடுகறி இருந்ததாகப் பலரும் நம்புகிறார்கள். அதற்குச் சான்று இல்லை. இந்தப் பழத்துக்கு வேண்டிய சர்க்கரை அன்று அந்தக் குடியேறிகளிடம் ஏது? 1796-இல் அமீலியா சிம்மன்ஸ் எழுதிய சமையல் நூலில்தான் வான்கோழியோடு கிரான்பெர்ரி சாஸ் பரிமாறும்படி குறிப்பு வருகிறது. 1863-இல் ஆபிரகாம் லிங்கன் உள்நாட்டுப் போரின் நடுவே நன்றி நாளை நாடு முழுவதற்குமாக அறிவித்தார். பண்டிகை பரவப் பரவ, அதே பருவத்தில் பழுத்து நிற்கும் இந்தப் பழமும் பந்தியில் நிலையாக இடம் பிடித்தது.

டப்பாவில் அடைத்தவர் மார்க்கஸ் யூரன். வழக்கறிஞர் தொழிலிலிருந்து விவசாயத்துக்கு வந்தவர். கடையில் விற்க முடியாத அடிபட்ட பழத்தைக் காய்ச்சி 1912-இல் டப்பாவில் விற்கத் தொடங்கினார். 1930-இல் அவரும் போட்டியாளர்களாக இருந்த வேறு இருவரும் சேர்ந்து விவசாயிகளின் கூட்டுறவு ஒன்றை ஏற்படுத்தினார்கள். 'ஓஷன் ஸ்ப்ரே' என்று இன்று நாம் கடையில் பார்க்கும் பெயர் அதுதான். நம் ஊர் ஆவின், அமுல் போல உற்பத்தியாளர்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு. அதைத் தொடங்கிய மூவரில் எலிசபெத் லீ என்ற பெண்மணியும் ஒருவர்.

டப்பாவைத் திறந்து கவிழ்த்தால் டப்பாவின் வரிப்பள்ளங்களோடு உருளையாக ஒன்று 'சளப்' என்று தட்டில் விழும். அதை வட்ட வட்டமாக நறுக்குவார்கள். பார்த்துச் சிரிக்காதீர்கள். பல அமெரிக்கர்களுக்கு அந்த வரிகள்தான் அம்மா வீட்டு நினைவு. நமக்குச் சில ஊறுகாய் பாட்டில்களின் மூடியைப் பார்த்தாலே ஊர் ஞாபகம் வருவதில்லையா?

சாஸ், ரெலிஷ், சட்னி

மூன்று பெயரும் கலந்து கலந்து காதில் விழும். வேறுபாடு எளிது. சர்க்கரைப் பாகில் வேகவைத்தால் சாஸ். வேகவைக்காமல் பச்சையாக அரைத்தால் ரெலிஷ். இஞ்சி, பூண்டு, மிளகாய், வினிகர் சேர்த்துக் காய்ச்சினால் சட்னி.

சாஸ்: பழம் ஒரு பை (அங்கே 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் பையாக வரும்), சர்க்கரை ஒரு கப், தண்ணீர் ஒரு கப். சர்க்கரையும் தண்ணீரும் கொதித்ததும் பழத்தைப் போட்டு, மிதமான தீயில் பத்து நிமிடம். கடுகு வெடிப்பது போலப் பழம் பட்பட்டென்று வெடிக்கும். மூடி கையில் தயாராக இருக்கட்டும். இறக்கும்போது நீர்த்திருக்கிறதே என்று மேலும் காய்ச்ச வேண்டாம். பழத்தில் பெக்டின் என்ற உறையும் சத்து தாராளம். ஆறியதும் தானே கெட்டியாகும்.

ரெலிஷ்: பழம் ஒரு பை, ஆரஞ்சு ஒன்று, சர்க்கரை முக்கால் முதல் ஒரு கப். ஆரஞ்சைத் தோலோடு துண்டாக்கி விதை நீக்கி, பழத்தோடு மிக்ஸியில் ஒன்றிரண்டாக அரைக்க வேண்டும். விழுதாகிவிடக் கூடாது, கொத்துமல்லித் துவையலைவிடச் சற்று நறநறவென்று இருக்க வேண்டும். சர்க்கரை கலந்து குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் புளிப்பும் இனிப்பும் ஆரஞ்சுத் தோலின் வாசனையும் ஒன்றோடொன்று கூடிவிடும். அடுப்பே வேண்டாம் என்பது இதன் சிறப்பு. பண்டிகைக்கு முதல் நாள் இரவே செய்து வைத்துவிடலாம்.

ஒரு மாமியாரின் செய்முறை

அமெரிக்க வானொலியில் சூசன் ஸ்டாம்பெர்க் என்ற பெயர் மிகப் பிரசித்தம். 1972-இல் நாடு தழுவிய மாலைச் செய்தி நிகழ்ச்சி ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அந்நாட்டில் அப்படிப்பட்ட பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். ஒவ்வோர் ஆண்டும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்பு, செய்திகளுக்கு இடையே, தம் மாமியாரின் கிரான்பெர்ரி ரெலிஷ் செய்முறையை விடாமல் சொல்லி வந்தார். பல பத்தாண்டுகள் இது நடந்தது. கேட்கும்போது விபரீதமாகத் தோன்றும், சாப்பிட்டால் அருமையாக இருக்கும் என்பதே அவர் அதற்குக் கொடுத்த அறிமுகம்.

உண்மையில் கேட்க விபரீதம்தான். பச்சைக் கிரான்பெர்ரி இரண்டு கப், சின்ன வெங்காயம் போல் நினைத்துவிடாதீர்கள், பெரிய வெங்காயத்தில் சிறியதாக ஒன்று. இரண்டையும் ஒன்றிரண்டாக அரைத்து, புளித்த க்ரீம் முக்கால் கப், சர்க்கரை அரை கப், ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரக் கிழங்கின் துருவல் இரண்டு மேஜைக்கரண்டி சேர்த்துக் கலக்க வேண்டும். அதை உறைபெட்டியில் வைத்து, பரிமாறும் நாள் காலையில் குளிர்பெட்டிக்கு மாற்றி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பனித்துணுக்கு மிச்சமிருக்கும்போதே பரிமாற வேண்டும். நிறம் பளீரென்ற ரோஜா நிறம். ஹார்ஸ்ரேடிஷ் கடுகு இனம். காரம் நாக்கில் தங்காது, மூக்கில் ஏறும். மோருக்குள் கடுகு அரைத்துவிட்ட பச்சடி நமக்குப் புதிதா என்ன? புளித்த க்ரீமுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரைச் சேர்த்தாலும் பழுதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. மாமியார் கைவண்ணம் என்று ஊர் முழுதும் அறிந்த இந்தச் செய்முறை, 1959-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் கிரெய்க் க்ளேபோர்ன் என்ற சமையற்கலை எழுத்தாளர் வெளியிட்டது. மாமியார் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர். அதனால் என்ன? நம் வீடுகளிலும் "பாட்டி கைப்பக்குவம்" என்று சொல்லும் பல பண்டங்கள் ஏதோ ஒரு வாரப் பத்திரிகையின் சமையல் பக்கத்திலிருந்து வந்தவைதாமே! யார் எழுதினார்கள் என்பதைவிட, யார் ஆண்டுதோறும் செய்து போட்டார்கள் என்பதில்தான் உறவு இருக்கிறது.

ஸ்டாம்பெர்க் இன்னொரு செய்முறையையும் வழக்கமாகச் சொல்லி வந்தார். அது நம் தில்லியில் பிறந்து வளர்ந்த மதுர் ஜாஃப்ரியுடையது. நடிகை, இந்தியச் சமையலை மேல்நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர். அவருடைய முறையில் மெல்லிய இழையாக நறுக்கிய ஓர் அங்குல இஞ்சி, பொடியாக நறுக்கிய மூன்று பல் பூண்டு, ஆப்பிள் வினிகர் அரை கப், சர்க்கரை நான்கு மேஜைக்கரண்டி, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் சுண்டக் காய்ச்சி, ஒரு டப்பா முழுப்பழ சாஸைச் சேர்த்து, உப்பும் மிளகும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் சட்னி தயார். டப்பா சரக்கையே நம் வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. கடைசி நேரத்தில் கை கொடுக்கும்.

நம் கைப்பக்குவத்தில்

அமெரிக்கத் தமிழ் வீடுகளில் கிரான்பெர்ரித் தொக்கு இப்போது சர்வ சாதாரணம். மாங்காய் கிடைக்காத குளிர்காலத்தில் இந்தப் பழம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

தொக்கு
தேவையானவை: கிரான்பெர்ரி ஒரு பை, நல்லெண்ணெய் ஆறு மேஜைக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு மேஜைக்கரண்டி, உப்பு ஒரு மேஜைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கடுகு ஒரு தேக்கரண்டி, பெருங்காயத்தூள் அரைத் தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, வெல்லம் எலுமிச்சை அளவு.

செய்முறை: பழத்தைக் கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்துக்கொள்ளவும். பாதி எண்ணெயைக் காயவைத்துக் கடுகு, பெருங்காயம் தாளித்து, பழத்தையும் மஞ்சள்தூளையும் போட்டு மூடவும். ஐந்து நிமிடத்தில் பழம் வெடித்துக் குழையும். கரண்டியால் மசித்து, மிளகாய்த்தூள், உப்பு, வெல்லம் சேர்த்து மீதி எண்ணெயை விட்டுக் கிளறவும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்போது வெந்தயப் பொடி தூவி இறக்கவும். புளி வேண்டாம். ஆறியபின் உலர்ந்த பாட்டிலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வரும்.

பச்சடி
ஒரு கப் பழத்தை அரை கப் தண்ணீரில் கீறிய பச்சை மிளகாய் ஒன்றோடு வேகவிட்டு, முக்கால் கப் பொடித்த வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கெட்டியானதும் கடுகு, மிளகாய்வற்றல் தாளிக்க வேண்டும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி செய்யும் அதே கை இதையும் செய்துவிடும். ஆண்டுப் பிறப்பன்று இனிப்பும் புளிப்பும் உறைப்பும் துவர்ப்பும் ஒரே கரண்டியில் இலைக்கு வரவேண்டும் என்று நம்மவர்கள் வைத்த வழக்கமும், அறுவடை முடிந்த நன்றி நாளில் புளிப்பும் இனிப்புமாக ஒரு கிண்ணம் மேஜைக்கு வரவேண்டும் என்று அவர்கள் வைத்த வழக்கமும் ஒன்றுக்கொன்று தூரமில்லை.

பாத்திரம் விஷயத்தில் ஒரு சொல். இந்தப் பழத்தின் புளிப்பு கடுமையானது. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் சரி. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம்.

எப்படிப் பரிமாறலாம்?

ரெலிஷைக் குளிர்ச்சியாகவே பரிமாற வேண்டும். சூடான பண்டத்தின் பக்கத்தில் அது சில்லென்று இருப்பதுதான் சுவை. கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தால் நிறமே பாதி விருந்து. ஆரஞ்சைக் குறுக்கே வெட்டிச் சுளையைத் தோண்டி எடுத்து, அந்த மூடியிலேயே ஆளுக்கொன்றாக வைப்பதும் உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

அமெரிக்கர்கள் வான்கோழியோடு தொட்டுக்கொள்கிறார்கள். சைவ உணவுக்காரர்களுக்கு அதே மேஜையில் உள்ள வேகவைத்த சர்க்கரைவள்ளி, சுட்ட பரங்கி, மசித்த உருளைக்கிழங்கு மூன்றுக்கும் இது நல்ல துணை. இவை சாதுவான பண்டங்கள். பக்கத்தில் ஒரு புளிப்பு வந்தால்தான் எழுந்து உட்காரும். பிஸ்கட் மேல் க்ரீம் சீஸ் தடவி, அதன் மேல் ஒரு கரண்டி ரெலிஷ் வைத்தால் விருந்தாளிகள் வந்ததும் நீட்ட ஒரு தட்டு ஆயிற்று.

அடுத்த நாள்தான் நம் நாள். மிஞ்சிய ரெலிஷை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே சீஸோடு வைத்துத் தோசைக்கல்லில் வாட்டலாம். அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் போல, அடைக்கு இதுவும் வெண்ணெயும். சட்னி வகையை மேத்தி பராட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளலாம். தொக்கு இருந்தால் சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசையலாம், உப்புமாவுக்கு வைத்துக்கொள்ளலாம். தயிர்சாதத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: காய்ச்சிய பாலில் கலக்காதீர்கள். திரிந்துவிடும்.

சைவர்கள் கவனிக்க

டப்பாவில் வரும் உருளை சாஸ் பழத்தின் பெக்டினாலேயே உறைவது. வழக்கமாக அதில் ஜெலட்டின் கிடையாது. ஆனால் 'கிரான்பெர்ரி சாலட்' என்ற பெயரில் ஆடி அசையும் ஜெல்லி வந்தால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அது பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் உறையவைத்தது. 'ஸ்டஃபிங்' என்ற ரொட்டிப் பூரணமும் பார்வைக்குச் சைவம் போல் இருக்கும். கோழிச் சாற்றில் வெந்திருக்கும், அல்லது வான்கோழியின் வயிற்றுக்குள்ளேயே வெந்திருக்கும். கேட்பதில் தவறில்லை. அங்கே விருந்துக்கு அழைப்பவர்களே முன்கூட்டி விசாரிக்கும் வழக்கம் உண்டு.

உடம்புக்கு

கிரான்பெர்ரி சிறுநீர்த் தொற்றுக்கு நல்லது என்ற பேச்சு உலகமெங்கும் உண்டு. அதில் உண்மை உள்ளது. எல்லை ஒன்றும் உள்ளது. பழத்தில் உள்ள ஒருவகைத் துவர்ப்புப் பொருள் கிருமிகள் சிறுநீர்ப்பாதையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. 2023-இல் ஐம்பது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மருத்துவ மதிப்பீடு, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கிரான்பெர்ரிப் பொருட்கள் அது மீண்டும் வருவதைக் குறைக்கின்றன என்று கண்டது. காப்பகங்களில் வாழும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அத்தகைய பயன் தெரியவில்லை. வருமுன் காக்க உதவலாம்; வந்துவிட்ட தொற்றுக்கு இது மருந்து இல்லை. மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு விஷயங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். ஒன்று, சர்க்கரை. பழத்தில் சர்க்கரை அதிகம் இல்லாவிட்டாலும் கிண்ணத்தில் நிறைய இருக்கிறது. கடையில் விற்கும் உலர்ந்த கிரான்பெர்ரியில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர்கள் தொடுகறி என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துவது நல்லது. இரண்டு, இரத்தம் உறையாமலிருக்க 'வார்ஃபரின்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிரான்பெர்ரியைச் சாறாகவோ மாத்திரையாகவோ தினமும் எடுத்துக்கொள்வதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரையின் வேகம் கூடிவிடக்கூடும் என்று எச்சரிக்கை இருக்கிறது.

இங்கே கிடைக்குமா?

தில்லியில் உலர்ந்த கிரான்பெர்ரி எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கிறது. உறையவைத்த பழத்தை ஐ.என்.ஏ. மார்க்கெட் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். 2023-இல் இந்தியா அமெரிக்கக் கிரான்பெர்ரிக்கு இறக்குமதி வரியைக் குறைக்க ஒப்புக்கொண்டது. உலர்பழம் ஒரு கப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஓர் எலுமிச்சையின் சாறும் துருவிய இஞ்சியும் சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்தால் ரெலிஷின் சாயல் வரும். சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை.

ஆனால் நமக்கு இங்கேயே ஒரு புளிப்பு இருக்கிறதே! ஆடி ஆவணி மழையில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகக் காய்கறி வண்டியில் குவிந்திருக்கும் 'கரோந்தா'. நம் களாக்காய்தான் அது. கடைக்காரர்கள் சிலர் இதையே 'இந்தியக் கிரான்பெர்ரி' என்று விற்கிறார்கள். உறவு ஒன்றும் கிடையாது. கிரான்பெர்ரி அமெரிக்கக் கொடி. களா நம் ஊர் முட்புதர், அரளியின் குடும்பம். கேக்கின் மேல் 'செர்ரி' என்று சிவப்பாக உட்கார்ந்திருப்பதும் பல நேரம் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறிய இந்தக் களாக்காய்தான்.

களாக்காயில் பால் உண்டு. ஆகவே பச்சையாக அரைத்து ரெலிஷ் செய்ய வேண்டாம்; நாக்கில் ஒட்டும். இரண்டாக வெட்டி, விதை நீக்கி, உப்பு நீரில் சற்று நேரம் போட்டு அலசிவிட்டு, மேலே சொன்ன தொக்கையோ பச்சடியையோ செய்து பாருங்கள். இதிலும் பெக்டின் தாராளம் என்பதால் நன்றாகவே கெட்டிப்படும்.

இந்த ஊருக்கு நாம் வந்த புதிதில் கரோந்தா என்றால் என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பச்சை மிளகாயோடு வதக்கி ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். சாப்பிட்டதும், "அட, நம்ம களாக்காய்!" என்று தெரிந்தது. மறுவாரம் நம் வீட்டிலிருந்து ஊறுகாய் போயிற்று. குடி வந்த ஊர் இப்படித்தான் சொந்த ஊராயிற்று. கிண்ணம் போய்க் கிண்ணம் வந்து.

பிள்ளைகள் இன்னும் தூரமான ஊரில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே போகும் பெரியவர்கள் இந்த ஆண்டு நன்றி நாளன்று தயிர்சாதத்தோடு உள்ளே ஒதுங்க வேண்டாம். முதல் நாளே ஒரு பை பழம் வாங்கி வரச் சொல்லுங்கள். பேத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் ரெலிஷ், ஒரு கிண்ணம் தொக்கு செய்து மேஜையில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள். பரிமாறுகிற கைக்கு எந்தப் பந்தியும் அந்நியம் இல்லை. வான்கோழி அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும். கடைசியில் வழித்துக் காலியாவது எந்தக் கிண்ணம் என்று பார்த்துவிட்டு வந்து நம் இதழுக்கு எழுதுங்கள்.